இட்டாரின் ஈரறிக்கைகளும் வாசிப்பின் பயனும்

கடும் அறிவுக் குறைபாடுடைய இளைஞர்க்கு வாசிப்புக் கற்பிப்போர் இன்றும் விரும்பிப் பயிலத்தக்கவை, பிரெஞ்சு மருத்துவர் ழான் இட்டார் எழுதிய அறிக்கைகள் இரண்டுமாம். தென் பிரான்சின் அவெரோன் பகுதியில் அகப்பட்டு, 1800ஆம் ஆண்டிற் பாரிசு நகரிலுள்ள செவிப்புலனற்றோர் கல்விச்சாலையை அடைந்த விக்தோர் என்னும் சிறுவனுக்கு அப்போது வயது ஏறக்குறைய 12. பினெல் என்னும் பேர்பெற்ற மருத்துவர் அவனைத் திருத்தவொண்ணா அறிவிலி எனத் தீர்த்தார். இட்டாரோ அத்தீர்ப்பை ஏற்காது கற்பிக்கத் தொடங்கினார்.

1801இல் எழுதிய முதலறிக்கையில் ஒரு காட்சி வருகின்றது. பால் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் நான்கு எழுத்துகளையும் வரிசையாக வைக்க விக்தோர் பழகியிருந்தான். சில நாட் கழித்து, நாள்தோறும் தனக்குப் பால் கிடைக்கும் அயல் வீட்டுக்குப் புறப்பட்டபோது, எவரும் ஏவாமலே அந்நான்கெழுத்தையும் எடுத்துச் சென்று, ஆங்கு மேசைமீது நிரல்பட வைத்தான். அச்சொல்லை அவன் வாயாற் கூறியதும் உண்டு. ஆயின் அது பாலைக் கண்ட களிப்பில் எழுந்த ஒலியேயன்றிப் பாலை வேண்டியதன்று. மேசைமேல் வைத்த எழுத்தோ வேண்டுதலாயிற்று.

1806இல் எழுதிய இரண்டாமறிக்கையின்போது விக்தோர் இளைஞனாகிவிட்டான். சொல்லைக் காட்டினால் அப்பொருளைக் கொணர்வான். பொருள்களை அறையில் வைத்துப் பூட்டியபின்னரே உண்மை வெளிப்பட்டது: 'நூல்' என்ற சொல் அவனுக்கு அறையிலிருந்த அந்த ஒரு நூலையே குறித்தது. கண்முன் வேறு நூல் இருப்பினும் அவன் அதனை எடுத்திலன். பின்னர் ஒப்புமை காணப் பழகியதும் குறிப்பேடும் தாட்கட்டும் அவனுக்கு நூலாயின. துடைப்பமும் தூரிகையும் ஒன்றாயின. தம் மாணவன் ஏமாற்றிய இடங்களை இத்துணை நேர்மையாக எழுதிய ஆசிரியர் அரியர்.

எனினும் இட்டாரிடத்து ஒரு குறையுண்டு. அவர் அளவுகோல் பேச்சாயிருந்தது. விக்தோர் பேசாமையை நினைந்து வருந்தியவர், எழுத்தே அவனுக்கு மொழியாய் அமைந்ததைப் போதிய அளவு மதித்திலர். மேசைக் காட்சியையும் ஆராயாது வியந்து நின்றார். அக்காட்சியில் தேவை இருந்தது, இடமாற்றம் இருந்தது, தானே முற்படுதல் இருந்தது. பூட்டிய அறைப் பாடத்தில் இம்மூன்றும் இல்லை.

இக்குறை அவரோடு ஒழிந்ததன்று. கடும் அறிவுக் குறைபாடுடையோர்க்கு வாசிப்புக் கற்பித்தமை பற்றிய 128 ஆய்வுகளை 2006இல் பிரௌடர் முதலியோர் அமெரிக்காவில் ஒருங்கே நோக்கினர். பெரும்பாலானவை சொற்களைக் கண்டறிவிப்பதிலேயே நின்றன, பொருளுணர்வை நாடியவை சிலவே. 'வெளிவழி' என அட்டையில் இனங்காணும் இளைஞன் முன்பின் அறியாத கட்டடமொன்றில் அவ்வழியே வெளியேறுவானா என்பதை வகுப்பறையில் இருந்தவாறே சோதித்தல் இயலாது. நம் வகுப்புகளிலும் அட்டையைக் கண்டதும் ஒப்புவிப்பவனே புள்ளி பெறுகின்றான். விக்தோர் பெற்றதோ ஒரு கிண்ணம் பால்.