சேம்பருக்கு அடியில் ஒரு வால்வு

எஞ்சின் ஆயில் மாற்றுவதில் ஆகச் சுலபமான வேலை பழைய ஆயிலை வடிப்பதுதான். ஆயில் தேங்கும் சேம்பரின் அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் ஆயில் தானாக இறங்கிவிடும். அந்தச் சுலபத்தை இன்னும் சுலபமாக்க வந்ததுதான் டிரெயின் வால்வு. போல்ட்டை எடுத்துவிட்டு அதே மரையில் இதை முறுக்கிவிட்டால் அடுத்த முறை ஸ்பேனரே தேவையில்லை. பூட்டை விடுவித்துப் பிடியைக் கால் சுற்று திருப்பினால் போதும். ஜப்பானின் ஃபுமோட்டோ நிறுவனம் 1970களிலிருந்து இந்த வகை வால்வைச் செய்துவருகிறது. ஜெர்மனியின் ஸ்டால்பஸ் வால்வில் பிடி கிடையாது, மூடிதான் உண்டு. இன்று இணையக் கடையில் ஆர்டர் போட்டால் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இத்தகைய வால்வுகள் வந்துவிடும். சொந்த வண்டிக்குத் தானே ஆயில் மாற்றிக்கொள்பவரைக் குறிவைத்துத்தான் இவை விற்கப்படுகின்றன. இந்த இரு மாவட்டங்களின் சாலையையும் நிலத்தையும் வைத்து எடைபோட்டால், அவருடைய பைக்குக்கு இது ஏற்றதல்ல என்றும், பலர் கைமாற்றி ஓட்டும் டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்குமே இது ஏற்றது என்றும் நான் கருதுகிறேன்.

வால்வின் பலம் கற்பனை அல்ல. இருசக்கர வண்டியின் எஞ்சின் உடல் அலுமினிய வார்ப்பு, அதில் ஏறும் போல்ட்டோ எஃகு. இரண்டும் மல்லுக்கட்டினால் தோற்பது அலுமினிய மரைதான். பெரும்பாலான வண்டிகளில் அந்த போல்ட்டுக்கு 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கம் போதும். ஆனால் அதை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் வீடுகளில் ஏது? பழைய வாசரையே திரும்பப் போடுவதால் ஆயில் லேசாகக் கசிகிறது. கசிவை நிறுத்த இன்னும் கொஞ்சம் முறுக்குகிறார்கள். அடுத்த முறையும் இதே கதைதான். சில ஆண்டுகளில் மரை போய்விடுகிறது. அப்புறம் எஞ்சினை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பெரிய மரை வெட்ட வேண்டும், அல்லது ஹெலிகாயில் என்னும் கம்பிச்சுருள் மரையைப் போட வேண்டும். வால்வு பொருத்திய எஞ்சினில் அந்த மரையை மறுபடி யாரும் தொடுவதில்லை. மரையைக் காப்பதுதான் இந்தப் பொருளின் முதல் நியாயம். கையில் அழுக்குப் படாது, நேரம் மிச்சம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சிக்கல் என்னவென்றால், மரை மிகவும் பலவீனமாக இருக்கும் அதே இருசக்கர வண்டியில்தான் வால்வு அடிபடும் வாய்ப்பும் மிக அதிகம். போல்ட்டின் தலை சேம்பரை ஒட்டியே இருக்கும்; பித்தளை வால்வோ அதற்கும் கீழே விரல்கட்டை அளவுக்குத் தொங்கும். அரியலூர் மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல்லை நம்பி அரசு சிமென்ட் ஆலை முதல் ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு வரை ஆலைகள் நிற்கின்றன. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நடுவே ஓடும் டிப்பர் லாரிகளிலிருந்து கல் சிதறும் சாலையில்தான் பைக்குகளும் போகின்றன. பெரம்பலூர்ப் பக்கத்தின் கரிசல் வண்டிப்பாதைகளில் மழைக்குப் பிறகு டயர்த் தடங்கள் காய்ந்து இறுகிப் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும். வரப்பில் ஏறி இறங்கும் வண்டிக்குப் பருத்தி மார்க் கட்டையும் மக்காச்சோளத் தட்டையின் அடிக்கட்டையும் கீழிருந்து இடிக்கும். போல்ட்டின் தலையில் கல் பட்டால் கீறல் விழும், அவ்வளவுதான். வால்வின் கழுத்தில் பட்டால் அது முறியக்கூடும்.

பிடிக்குத்தான் பூட்டு இருக்கிறதே, அதிர்வில் திறந்துகொள்ளாதே என்று இதை ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். உண்மைதான், நல்ல வால்வு அதிர்வுக்குத் திறக்காது. ஆனால் அந்தப் பூட்டு அதிர்வைத் தாங்கத்தான் இருக்கிறது, முறிவைத் தடுக்க அதனால் ஆகாது. இரண்டு கோளாறுகளும் ஒரே எடை கொண்டவையும் அல்ல. மரை தேய்ந்த போல்ட் சொட்டுச் சொட்டாகக் கசியும்; நிறுத்திய இடத்தில் கறை தெரியும், பட்டறைக்குப் போக அவகாசம் கிடைக்கும். முறிந்த வால்வு எஞ்சினைச் சீக்கிரமே காலி செய்துவிடும். 100 சிசி வண்டிகளில் இருப்பதே ஒரு லிட்டரை ஒட்டிய ஆயில்தான். அவற்றில் பலவற்றுக்கு ஆயில் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் விளக்கும் கிடையாது. பிஸ்டன் பிடித்துக்கொண்ட பிறகே ஓட்டுபவருக்குத் தெரியும். போல்ட் பக்கவாட்டில் இருக்கும் வண்டிக்கும் எஞ்சினுக்கு அடியில் இரும்புத் தகடு போட்ட வண்டிக்கும் இந்த வாதம் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மரையைக் காக்க வாங்கிய வால்வே மரையைக் கெடுப்பதும் உண்டு. 12 மில்லிமீட்டர் போல்ட் என்றால் எல்லாம் ஒன்றல்ல; மரையின் இடைவெளி சிலவற்றில் 1.25 மில்லிமீட்டர், சிலவற்றில் 1.5. எல்லா பைக்குக்கும் பொருந்தும் என்று போட்டு விற்கும் மலிவு வால்வை நம்பி முறுக்கினால், முதல் இரண்டு சுற்று இணக்கமாக ஏறிவிட்டுப் பிறகு அலுமினியத்தை அரைத்துவிடும்.

செலவுக் கணக்கும் இங்கே வேறு. இந்த வால்வு பரவலாக விற்கும் அமெரிக்காவில் பட்டறைக் கூலி அதிகம். வீட்டிலேயே ஆயில் மாற்றுவதால் அங்கே மிச்சமாகும் தொகை பெரிது. நம் ஊரில் பைக்குக்கு ஆயில் மாற்றச் செலவாகும் பணத்தில் பெரும்பங்கு ஆயிலின் விலைதான், கூலி சிறிது. அந்தச் சிறு கூலிக்கு மெக்கானிக் செயினைத் தட்டிப் பார்க்கிறார், பிரேக் ஷூவின் தேய்மானத்தைச் சொல்கிறார், கழற்றிய போல்ட்டின் முனையில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார். போல்ட்டே கழலாத எஞ்சினில் அந்தக் கடைசிச் சோதனைக்கு இடமில்லை. உள்ளே தேய்மானம் தொடங்கியதை முதலில் காட்டுவது அந்தத் துகள்தான் என்பதால் இந்த இழப்பை நான் பெரிதாகவே மதிக்கிறேன். சிமென்ட்டும் சுண்ணாம்புத் தூளும் பறக்கும் ஊரில் ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும், அதனால் வால்வு தேவை என்றும் ஒரு வாதம் உண்டு. ஆனால் தூசி எஞ்சினுக்குள் பெரும்பாலும் காற்று வழியாகவே நுழைகிறது. ஏர் ஃபில்டரைத் தட்டாமலும் மாற்றாமலும் விட்டுவிட்டு எத்தனை முறை ஆயில் மாற்றினாலும் சிலிண்டர் தேயத்தான் செய்யும்.

டிராக்டருக்கு வந்தால் கணக்குத் தலைகீழாகிறது. பல டிராக்டர்களின் சேம்பர் கனத்த வார்ப்பிரும்பு. அதன் மரை சுலபத்தில் போகாது, ஆகவே வால்வின் முதல் நியாயம் இங்கே பலவீனம். ஆனால் ஏழெட்டு லிட்டர் சூடான ஆயிலைக் களத்து மேட்டிலோ கொட்டகை மண்ணிலோ வைத்து அகன்ற சட்டியில் பிடிப்பது பெரும்பாடு. முதல் பீய்ச்சலில் கொஞ்சமாவது மண்ணுக்குப் போய்விடும். முனையில் குழாய் மாட்டக்கூடிய வால்வு இருந்தால் அத்தனையும் நேராகக் கேனுக்குள் இறங்கும். சேம்பர் உயரத்தில் இருப்பதால் கல்லடியும் குறைவு. மெதுவாக வடியும், அடியில் கொஞ்சம் தங்கிவிடும் என்ற குறைகள் உண்மை. எஞ்சினைச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, பொறுத்திருந்து வடித்தால் தங்கும் அளவு பொருட்படுத்தத்தக்கதாக இராது. ஈரக் கரிசல் பிடியின்மேல் அப்பிக்கொள்ளும் என்பதால் டிராக்டருக்கு மூடிபோட்ட வகையே மேல். ஓரிடத்தில் நிற்கும் ஜெனரேட்டருக்கும் டீசல் பம்ப்செட்டுக்கும் இந்தக் கவலைகூட இல்லை.

கேனில் பிடித்த ஆயில் எங்கே போகிறது என்பதில்தான் இந்த வால்வு மண்ணுக்கு நன்மையா இல்லையா என்பது இருக்கிறது. பழைய ஆயிலைச் சென்ட்ரிங் பலகையில் பூசுகிறார்கள், கரையானுக்கு மரத்தில் தடவுகிறார்கள், மிச்சத்தை வேலி ஓரம் ஊற்றுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் மத்திய விதிகள் பயன்படுத்திய ஆயிலை அபாயகரமான கழிவு என்று வகைப்படுத்தியிருக்கின்றன. 2024 ஏப்ரலிலிருந்து அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு ஆயில் தயாரிப்பாளர்கள், இறக்குமதியாளர்கள்மீது வந்திருக்கிறது. ஒரு லிட்டர் பழைய ஆயிலோடு வீட்டில் இருக்கும் பைக் உரிமையாளரை அந்த ஏற்பாடு தேடி வராது. டிராக்டர்களை வாடகைக்கு விடும் வேளாண் இயந்திர வாடகை மையத்தில் நிலைமை வேறு. அங்கே பல எஞ்சின்களின் ஆயில் ஒரே இடத்தில் சேர்கிறது, பீப்பாய் நிறைகிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளர் வண்டி அனுப்புவதற்குக் கட்டுபடியாகும் அளவும் கிடைக்கிறது. இந்த இரு மாவட்டங்களில் வால்வுக்குச் செலவிட யாரிடமாவது பணம் இருந்தால், முதலில் அந்த மையங்களின் டிராக்டர்களுக்குச் செலவிடட்டும். வால்வோடு ஒரு குழாயும் மூடியுள்ள ஒரு பீப்பாயும் சேர்த்தே வாங்கட்டும்.