தேசியத் திட்டமிடலில் சான்றின் இடம்: கெடா வயல்வெளியும் தோட்டப்புறமும் – ஒரு திறனாய்வு

முன்னுரை

ஒரு செயலைத் தொடங்குமுன் அதனால் வரும் இழப்பையும் ஆக்கத்தையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்பது திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரம் வற்புறுத்தும் கருத்தாகும். இன்றைய ஆட்சியியல் இதனையே ‘சான்று சார்ந்த கொள்கை வகுப்பு’ என்று வழங்குகின்றது. மக்களின் நிலையை முறையாக அளந்தறிந்து, அதனடிப்படையில் திட்டம் தீட்டி, விளைவை மீண்டும் அளந்து திருத்திக்கொள்வது இதன் சாரமாகும். இக்கருத்தை மறுப்பார் இலர். ஆயினும், எது சான்றாகக் கொள்ளப்படுகின்றது, யாரைப் பற்றிய சான்று திரட்டப்படுகின்றது, எந்த அளவுகோலால் அளக்கப்படுகின்றது என்னும் வினாக்கள் நம்மிடையே போதிய அளவு எழுப்பப்படவில்லை. மலேசியாவின் ஐந்தாண்டுத் திட்ட ஆவணங்கள் தோட்டப்புறத் தமிழரை எவ்வாறு கணக்கிட்டன என்பதைக் கெடா மாநிலத்தை நிலைக்களனாகக் கொண்டு நாம் இக்கட்டுரையில் ஆராய்கின்றோம்.

ஜித்ரா வயல்வெளி: சான்று செயற்பட்ட இடம்

கெடாவின் வடபகுதியில் குபாங் பாசு மாவட்டத்தின் தலைநகராக விளங்குவது ஜித்ரா. இதனைச் சூழ்ந்த நெல்வயல்கள் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தைச் சேர்ந்தவை. உலக வங்கியின் கடனுதவியுடன் 1966இல் கட்டுமானம் தொடங்கிய இத்திட்டம், மூடா, பெடு ஆகிய இரு அணைகளின் வழி ஏறத்தாழ 96,000 எக்டர் நிலத்தில் இருபோக நெல் விளைச்சலுக்கு வழிவகுத்தது. 1970இல் இதற்கென மூடா வேளாண்மை மேம்பாட்டு வாரியம் (மாடா) அமைக்கப்பட்டது. அதன் நான்கு வட்டாரங்களுள் ஒன்று ஜித்ராவைத் தலைமையிடமாகக் கொண்டுள்ளது.

இத்திட்டத்தின் விளைவுகள் தொடர்ந்து அளக்கப்பட்டு வந்துள்ளன என்பது குறிப்பிடத்தக்கது. கிளைவ் பெல், பீட்டர் ஹேசல், ரோஜர் ஸ்லேட் ஆகியோர் இத்திட்டத்தின் பொருளியல் விளைவுகளை மதிப்பிட்ட நூல் 1982இல் வெளிவந்தது. மூடா வட்டாரச் சிற்றூர் ஒன்றில் தங்கிக் களப்பணி செய்த ஜேம்ஸ் ஸ்காட்டின் நூல் 1985இல் வெளிவந்தது. அறுவடை இயந்திரம் வந்தபின் ஏழைக் கூலியாட்கள் வேலையிழந்ததை அந்நூல் வெளிப்படுத்தியது. அவ்வகையில், சான்று இங்கு அரசின் வெற்றியை மட்டும் பறைசாற்றவில்லை. அதன் குறையையும் எடுத்துக்காட்டியது. சான்று இருந்தமையால்தான் வாதம் நிகழ முடிந்தது என நாம் கருதுகின்றோம்.

தோட்டப்புறம்: எல்லையில் நின்ற கணக்கு

ஜித்ராவிலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கி ஏறத்தாழ ஒரு மணிநேரம் பயணம் செய்தால் கோலமூடா மாவட்டத்தின் தோட்டப்புறங்களை அடையலாம். கோலமூடா, கூலிம், பாலிங், பண்டார் பாரு ஆகிய மாவட்டங்களே கெடாத் தமிழரின் தோட்ட வரலாற்றுக்குக் களமாயின. வயல்வெளிக்கு ஒரு மேம்பாட்டு வாரியம் இருந்தது. தோட்டத்திற்கோ அதன் நிருவாகமே அனைத்துமாயிற்று. தோட்ட நிலம் தனியார் உடைமை; எனவே குடியிருப்பு, குடிநீர், உட்சாலை ஆகியவை நிருவாகத்தின் பொறுப்பாகவே கருதப்பட்டன. இதனால் ஊரக மேம்பாட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் தோட்டத்தின் எல்லையிலேயே நின்றுவிட்டன. அவற்றோடு சேர்ந்து கணக்கெடுப்பும் அங்கேயே நின்றது.

தொடக்கக் காலத் திட்ட ஆவணங்களில் தோட்டத் தொழிலாளர் முற்றிலும் மறைந்திருந்தனர் எனக் கூறுதல் பொருந்தாது. மூன்றாம் மலேசியத் திட்டம் (1976–1980) 1970ஆம் ஆண்டுக்குரிய வறுமை வீதத்தைத் தொழில் வாரியாகத் தந்துள்ளது. நெல் விவசாயிகளிடையே 88.1 விழுக்காடு, இரப்பர்ச் சிறுதோட்டக்காரரிடையே 64.7 விழுக்காடு, தோட்டத் தொழிலாளரிடையே 40.0 விழுக்காடு என அவை அமைந்தன. இவ்வெண்கள் நெல் விவசாயிக்கு முன்னுரிமை அளிக்கத் தக்க காரணமாயின. அம்முன்னுரிமையை நாம் குறைகூறவில்லை. ஆனால், பத்தில் நான்கு குடும்பங்கள் வறுமையில் உழன்ற ஒரு மக்கட்பிரிவுக்கு உரிய தனித் திட்டம் என்ன என்பதே நம் வினா.

பிற்காலத் திட்ட ஆவணங்களில் இனம், மாநிலம், நகர்-ஊரகம் ஆகியவையே முதன்மைப் பகுப்புகளாயின. தோட்டங்கள் விற்கப்பட்டும், செம்பனைக்கு மாற்றப்பட்டும், வீடமைப்புப் பகுதிகளாக உருமாறியும் வந்த காலம் அது. வேலையுடன் லயத்து வீட்டையும் இழந்த குடும்பம் சுங்கைப் பட்டாணி போன்ற நகருக்குப் பெயர்ந்தபோது, கணக்கேட்டில் அது ‘நகர்ப்புறக் குடும்பம்’ ஆயிற்று. தோட்டத்தில் கிடைத்த இலவச வீடும், காய்கறிக் கொல்லையும், மாடு வளர்க்கும் இடமும் போயின; ஆலைக் கூலியால் ரொக்க வருமானம் சற்றே உயர்ந்தது. 1970களில் தீபகற்பம் முழுமைக்கும் வகுக்கப்பட்ட ஒரே வறுமைக்கோடு 2005 வரை பயன்பட்டது. நகருக்குப் பெயர்ந்த குடும்பத்தின் கூடுதல் செலவை அக்கோடு உணரவில்லை. எனவே, வாழ்வு தாழ்ந்தபோதும் புள்ளி விவரம் உயர்ந்ததாகக் காட்டக்கூடிய நிலை ஏற்பட்டது.

இக்காலத்தில் ஆய்வுகளே இல்லை எனவும் கூற இயலாது. ரவீந்திர ஜெயின் (1970), செல்வகுமாரன் இராமச்சந்திரன் (1994), பி. இராமசாமி (1994) ஆகியோர் தோட்டத் தொழிலாளரைப் பற்றி நூல்கள் எழுதியுள்ளனர். தோட்டப் பள்ளி வறுமையைத் தலைமுறை தோறும் மறுபதிப்புச் செய்கின்றது என்பதை தி. மாரிமுத்து தம் ஆய்வில் விளக்கினார். அறிஞரின் சான்று நூலகத்தில் இருந்தது. திட்டமிடுவோரின் அட்டவணையில் அதற்குரிய கட்டம் இல்லை.

அளவுகோலும் குறியீடும்

அளவுகோல் மாறினால் உண்மையும் மாறித் தோன்றும் என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று. 2016ஆம் ஆண்டில் நாட்டின் வறுமை வீதம் 0.4 விழுக்காடு என அறிவிக்கப்பட்டது. அதற்கு அடிப்படையான வறுமைக்கோடு மாதம் 980 ரிங்கிட். 2019 ஆகஸ்டில் மலேசியாவுக்கு வருகை தந்த ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், இவ்வெண் நம்பத்தக்கதன்று எனக் கூறினார். தொடக்கத்தில் அரசுத் தரப்பு அதனை ஏற்கவில்லை. எனினும், 2020 ஜூலையில் வறுமைக்கோடு 2,208 ரிங்கிட்டாகத் திருத்தப்பட்டது. புதிய முறைப்படி 2019ஆம் ஆண்டு வறுமை வீதம் 5.6 விழுக்காடு, கெடாவிலோ 8.8 விழுக்காடு. 2016க்குரிய வீதமும் 7.6 விழுக்காடு என மறுகணக்கிடப்பட்டது. அதே ஆண்டு, அதே குடும்பங்கள். ஆனால் வறியோர் ஏறத்தாழ 19 மடங்காயினர். இடைப்பட்ட காலத்தில் உதவிக்கு உரியவராகக் கருதப்படாதோர் எத்துணைப் பேர் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

குறியீட்டைத் தேர்வு செய்வதிலும் இத்தகைய சிக்கல் உண்டு. ஒன்பதாம் மலேசியத் திட்டம் (2006–2010) 2004ஆம் ஆண்டில் இந்தியரிடையே வறுமை 2.9 விழுக்காடு எனக் காட்டியது. அவர்களின் பங்குரிமை 1.2 விழுக்காடு என்றும், 2020க்குள் அது 3 விழுக்காடாக உயர்த்தப்படும் என்றும் அது இலக்கு வைத்தது. பங்குச் சந்தையில் சமூகத்தின் பங்கு உயர்வது நன்றே. ஆயினும், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தின் வீட்டுடைமை, பிள்ளைகளின் கல்வி நிறைவு, தொழிற்பயிற்சி ஆகியவற்றைப் பங்குரிமை என்னும் குறியீடு எவ்வகையிலும் அளக்காது.

மேலும், வறுமைக் கணக்கீட்டுக்கு அடிப்படையான குடும்ப வருமான ஆய்வு 1989 முதல் குடிமக்களின் குடும்பங்களையே உள்ளடக்குகின்றது. பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாது தோட்டப்புறத்தில் வளர்ந்தோர் கொள்கையின் பயனைப் பெறாததோடு, அக்கொள்கைக்கு அடிப்படையான கணக்கிலும் இடம்பெறாது போகின்றனர். ஆவணமற்ற இந்தியரைப் பதிவு செய்ய 2011இல் ‘மைடஃப்தார்’ இயக்கம் தேவைப்பட்டதே இக்குறையின் ஆழத்தைப் புலப்படுத்தும்.

இன்றைய வாய்ப்பும் நம் கடமையும்

2015இல் ஐக்கிய நாட்டு நிறுவனம் ஏற்ற நிலைத்த மேம்பாட்டு இலக்குகளுள் 17.18ஆம் உட்கூறு, தரவுகளை வருமானம், பால், வயது, இனம், இடம் முதலியவற்றின்படி பகுத்துத் தர வேண்டும் என்கின்றது. 2017 ஏப்ரலில் வெளியிடப்பட்ட மலேசிய இந்தியர் பெருந்திட்டம் தாழ்ந்த வருமானமுடைய 40 விழுக்காட்டுப் பிரிவினரைத் தனியே நோக்கியது வரவேற்கத்தக்க மாற்றமாகும். 2024 சனவரியில் தொடங்கப்பட்ட ‘பாடு’ என்னும் மையத் தரவுத்தளம், உதவியைத் தனிக் குடும்ப அளவில் சேர்ப்பிக்க முனைந்தது. ஆயின், இவை தாமாகவே குறையை நீக்கிவிடா. இணைய வசதியும் ஆவணமும் உடையோரே தம்மை எளிதில் பதிந்துகொள்வர். அவ்விரண்டும் இல்லாதோரே உதவிக்கு முதன்மையாக உரியவர்.

இனவாரியான தரவு இன அரசியலுக்குத் தீனியாகும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. இதனாலேயே இனத்தை மட்டும் கொள்ளாது, தொழில், குடியிருப்பு வரலாறு, இடம் ஆகியவற்றையும் சேர்த்துப் பகுக்க வேண்டும் என நாம் வலியுறுத்துகின்றோம். ‘இந்தியர்’ என்னும் ஒரே சராசரியில் சுங்கைப் பட்டாணி மருத்துவரும் முன்னாள் பால்மரத் தொழிலாளியும் ஒன்றாகி விடுகின்றனர். அச்சராசரி இருவருள் எவரையும் காட்டுவதில்லை.

இங்கேதான் தமிழாசிரியர்க்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்கும் பணி உள்ளது. தமிழ்ப்பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பதிவேடு, தந்தையின் தொழில், முகவரி, பள்ளி மாறிய ஆண்டு ஆகியவற்றைப் பல பத்தாண்டுகளாகத் தாங்கி நிற்கும் ஆவணமாகும். தோட்டம் கலைந்தபோது குடும்பங்கள் எந்நகருக்குச் சென்றன, பிள்ளைகள் எவ்வகுப்பில் கல்வியை விட்டனர் என்பதை அதனினும் நெருங்கி உரைக்கும் சான்று அரிது. உரிய இசைவு பெற்று, தனியாள் விவரத்தை மறைத்து, மாவட்டம் தோறும் இப்பதிவேடுகளைத் தொகுத்தாராய்தல் முதுகலை மாணவர்க்கு ஏற்ற ஆய்வுப்பொருளாகும். அதன் முடிவுகளை மலாயிலும் எழுதித் திட்டமிடுவோரிடம் சேர்ப்பித்தல் அதற்கு அடுத்த படியாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், ஒரே கெடா மாநிலத்தில் வயல்வெளி நன்கு அளக்கப்பட்டதும் தோட்டப்புறம் அளக்கப்படாது நின்றதும் புலனாகின்றன. சான்று மட்டுமே நீதியைத் தந்துவிடாது. மூடாவில் வேலையிழந்த கூலியாட்களே அதற்கு எடுத்துக்காட்டு. எனினும், அவர்களின் இழப்பை இன்று நாம் அறிவோம். அதுபற்றி எவரும் வாதிடலாம். தோட்டத்திலிருந்து பெயர்ந்த குடும்பங்களுக்கு அவ்வாய்ப்பும் வாய்க்கவில்லை. இனிவரும் திட்டங்களுள் அவர்களுக்கென ஒரு கட்டம் வகுக்கப்பட வேண்டுமாயின், அதனை நிரப்புதற்குரிய கணக்கை நாம் இப்பொழுதே தொகுக்கத் தொடங்குதல் வேண்டும்.