எர்த்து பார்த்தீர்களா?

கார்புரேட்டர் கட்சிக்காரர்களோடு எனக்கு ஒத்துப்போனதே இல்லை. வண்டி மிஸ் அடித்தால் போதும், ஸ்குரூ டிரைவரும் கையுமாக ஜெட்டைக் கழற்றி ஊத ஆரம்பித்துவிடுவார்கள். ஜெட்டில் தூசி இருக்கும்தான், ஊதினால் வண்டி கொஞ்சம் தெளியும்தான். மறுநாள் அதே இடத்தில் அதே மிஸ்ஸிங். கையால் கட்டின ஃபைபர் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எர்த்து. இரண்டாவது பார்க்க வேண்டியதும் எர்த்துதான். அதற்குப் பிறகு பிளக்கைக் கழற்றிக்கொள்ளலாம்.

அம்பாசடரும் பத்மினியும் நம்மைக் கெடுத்துவைத்திருக்கின்றன. இரும்புப் பாடி முழுக்க எர்த்து என்பதால், அங்கே எந்த போல்ட்டில் ஒயரைக் கட்டினாலும் லைட் எரிந்தது. 1982-ல் பெங்களூரிலிருந்து சிபானி டால்ஃபின் வந்தபோது ஃபைபர் பாடியில் அந்தச் சலுகை போய்விட்டது. டால்ஃபின் ரசிகர்கள் அதன் ராலி வெற்றிகளையும், 848 சிசி இன்ஜின் அந்த லேசான பாடியை இழுத்துக்கொண்டு பறந்த வேகத்தையும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது வேறு. ஹெட்லைட், ஹாரன், டேஷ்போர்டு முள் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு கறுப்பு ஒயர் சேசிஸ் வரை போயாக வேண்டும். ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிற இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு பின்னல் செம்புப் பட்டை. வண்டியின் மானமே அந்தப் பட்டையில்தான் இருக்கிறது.

எர்த்து பழுதானால் வருகிற அறிகுறிகள் தனி ரசனை. ராத்திரி ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் ஏறும். ரேடியேட்டரைத் தொட்டால் சூடு பழைய சூடுதான். இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் கூடவே மினுக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆக்ஸிலேட்டர் கேபிளோ சோக் கேபிளோ கையில் சுடும். திரும்பிப் போக வழி கிடைக்காத கரண்ட், அகப்பட்ட கம்பி வழியாக ஓடுகிறது. இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்த பிறகும் கார்புரேட்டரைத் தொடுகிறவரிடம் என் வண்டிச் சாவியைத் தர மாட்டேன்.

தூத்துக்குடியில் போட் இன்ஜின் பார்க்கிற வயதான மெக்கானிக் ஒருவர் இதை ஒரே கேள்வியில் முடித்துவிடுவார். "தம்பி, கரண்டு வருதுல்லா? அது திரும்பிப் போவுதான்னு பாத்தியா?" உப்புத் தண்ணீரிலேயே வாழ்க்கை நடத்துகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா?

ஆறுமுகநேரிக்காரனுக்கும் தெரிந்தாக வேண்டும். உப்பளத்திலிருந்து வருகிற காற்று ராத்திரியோடு ராத்திரியாகப் பாட்டரி டெர்மினலில் பச்சைக் களிம்பு பூசிவிட்டுப் போகிறது. டால்ஃபினின் இன்ஜின் பிளாக் அலுமினியம், பட்டை செம்பு. இரண்டுக்கும் நடுவே உப்பு ஈரம் இறங்கினால் அரிக்கப்படுவது அலுமினியம். போல்ட்டைச் சுற்றி வெள்ளை மாவு பூத்திருக்கும், வெளியே பார்த்தால் எல்லாம் இறுக்கமாகவே தெரியும். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ஈயம் பூசிய பட்டையைப் போட்டு முறுக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும். முதலிலேயே தடவிவிட்டுப் பிறகு முறுக்குகிறவர்கள் உண்டு. அவர்களோடு வாதாட இங்கே இடம் இல்லை.

கையால் கட்டின வண்டி என்றால் கோயம்புத்தூர் கரிவரதனை விட்டுவிட்டுப் பேச முடியாது. மாருதி 800-ன் மூன்று சிலிண்டர், 796 சிசி இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரில் வைத்து ஃபார்முலா மாருதியைக் கட்டியவர். 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயனும் ஆரம்பத்தில் ஓட்டிப் பழகியது அந்த ஃபார்முலா மாருதிதான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்து டிராக் இன்று அவர் பெயரில் இருக்கிறது. வெளிநாட்டு ரேஸ் இன்ஜினுக்கு ஆசைப்பட்டவர்கள் அந்தக் கடைத்தெரு மாருதி இன்ஜினை இளப்பமாகப் பார்த்தார்கள். எனக்கு அதுவே அவருடைய பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது. லட்சக்கணக்கான வீட்டு வாசலில் ஓடித் தேறின இன்ஜின் அது. அது மக்கர் பண்ணினால் தேட வேண்டியது இன்ஜினுக்குள்ளே இல்லை. ஒயரிங், பெட்ரோல் குழாய், ரேடியேட்டர் ஹோஸ் என்று நாம் கட்டின பக்கத்தில்தான் தேட வேண்டும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

பெட்ரோல் பம்ப்பில் ஈரத்துணி சுற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சித்திரை வெயிலில் வேப்பர் லாக் நிஜம், மறுக்கவில்லை. ஆனால் மார்கழிக் காலையிலும் துணியை நனைக்கிறார்களே!

இப்போது அதே செட்டிபாளையத்தில் காலேஜ் பிள்ளைகள் தாங்களே கட்டின ஃபார்முலா கார்களைக் கொண்டுவருகிறார்கள். வெல்டிங்கைப் பார்த்தால் கண் நிறைகிறது. சீராக ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜின் ஆர்பிஎம் ஏறும்போது திடீரென்று செத்துப்போனால் மட்டும் எல்லாரும் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து ஃப்யூயல் மேப்பை மாற்றுகிறார்கள். கிராங்க் சென்சார் எர்த்து கெட்டால் சிக்னலில் இரைச்சல் ஏறும், ஈசியூ கணக்குத் தப்பி ஸ்பார்க்கை நிறுத்திவிடும். லேப்டாப்பில் அது வேறு ஏதோ கோளாறு மாதிரி தெரியும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் நின்றால் எர்த்தை விட்டுவிடலாம். அரை வோல்ட்டைத் தாண்டினால் லேப்டாப்பை மூடிவிட்டு ஸ்பேனரை எடுக்க வேண்டியதுதான்.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. கடையில் கிடைக்கிற பட்டையும் ஒயரும் இப்போது பல சமயம் மேலே செம்பு முலாம், உள்ளே அலுமினியம். கையில் எடுத்தாலே எடை காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகம் இருந்தால் கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.