வால்வு ஆம்ப் வாங்கும் முன் ரெண்டு ரெசிஸ்டர் வாங்குங்கள்

பிள்ளைப்பாக்கம் சிப்காட் பக்கம் வாடகைக்குக் குடியிருக்கும் என்னை மாதிரி ஆட்களுக்கு டிரான்சிஸ்டர்தான் சோறு போடுகிறது. 2022-ல் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் அசெம்பிள் ஆகத் தொடங்கிய ஐபோன் 14-ன் சிப்பில் மட்டும் 1,500 கோடி டிரான்சிஸ்டர். அதே வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு, நாலைந்து வால்வு ஒளிரும் ஒரு ஆம்ப்ளிஃபையருக்காக ஒருத்தன் அறுபதாயிரம் ரூபாயை எண்ணிக்கொண்டிருந்தால் சிரிப்பு வரும். அந்த ஒருத்தன் நான்தான். போனஸ் பணம். வீட்டில் வாஷிங் மெஷின் கேட்கிறார்கள். அதனால் ஆசையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, வால்வுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தேன்.

"வால்வுதான் அசல் சத்தம்"

இது முதல் வாதம். டிரான்சிஸ்டர் பாட்டின் உயிரை எடுத்துவிடுகிறதாம். இதற்கு எதிர்சாட்சி ரொம்பப் பழசு. 1978-ல் ஜேம்ஸ் மோயர், குவாட் நிறுவனத்தின் வால்வு ஆம்ப் ஒன்றையும் அதே நிறுவனத்தின் ரெண்டு டிரான்சிஸ்டர் ஆம்ப்களையும், எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார். கேட்டவர்களின் பதில் குருட்டாம்போக்கு ஊகத்தைத் தாண்டவில்லை. முடிவு 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் வந்தது.

1985-ல் அமெரிக்காவில் பாப் கார்வர் இன்னும் ஒரு படி மேலே போனார். 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்காரர்கள் தேர்ந்தெடுத்த விலை உயர்ந்த ஆம்ப் மாதிரியே தன் டிரான்சிஸ்டர் ஆம்பை ஒலிக்க வைக்கிறேன் என்று சவால் விட்டார். ஓட்டல் அறையில் உட்கார்ந்து பாகங்களை மாற்றிக்கொண்டே போனார். கடைசியில் அவர்களால் ரெண்டையும் பிரிக்க முடியவில்லை.

இதிலிருந்து ரெண்டு விஷயம் எடுத்துக்கொள்கிறேன். ஒழுங்காக வடிவமைத்த வால்வு ஆம்ப், ஒழுங்கான டிரான்சிஸ்டர் ஆம்ப் மாதிரிதான் கேட்கும். வித்தியாசமாகக் கேட்கிறது என்றால், அந்த வித்தியாசத்தை அளக்கலாம், நகலும் எடுக்கலாம்.

அப்புறம் அந்த "இதம்" எங்கிருந்து வருகிறது?

300பி மாதிரி ஒற்றை வால்வு ஆம்ப்கள் உண்மையிலேயே வேறு மாதிரிதான் ஒலிக்கும். காரணம் ரெண்டு. ஒன்று, அவை சேர்க்கும் இரண்டாம் ஹார்மோனிக். அது சரியாக ஒரு ஸ்தாயி மேலே விழுவதால் காதில் உறுத்தாது, ஸ-வோடு மேல் ஸ சேர்ந்த மாதிரி. ஆனால் பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும்போது அவற்றின் கூட்டல், கழித்தல் அதிர்வெண்களும் உள்ளே நுழையும். தனிக்குரலுக்கு இனிக்கிறது, நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்தால் குழம்பும்.

ரெண்டாவது காரணத்தை விற்கிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. இந்த ஆம்ப்களின் வெளியீட்டு மின்தடை 2, 3 ஓம் வரை இருக்கும். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்பில் அது கிட்டத்தட்ட பூஜ்யம். ஸ்பீக்கரின் மின்தடையோ ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் மாறும். ஓரிடத்தில் 5 ஓம், இன்னோரிடத்தில் 25 ஓம் என்று வைத்துக்கொண்டால், ரெண்டு இடத்துக்கும் நடுவே சுமார் இரண்டரை டெசிபல் ஏற்றத்தாழ்வு வந்துவிடும். காதுக்குத் தெளிவாகத் தெரிகிற அளவு அது. "குரல் முன்னால் வந்து நிற்குது" என்கிறோமே, அதில் பெரும்பங்கு இதுதான்.

அப்படியானால் அறுபதாயிரம் எதற்கு? ரிச்சி தெருவில் 2.2 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ரெண்டு வாங்கினேன். டீ, வடை செலவுதான். இருக்கிற ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் பாஸிட்டிவ் வயர்களில் ஆளுக்கொன்றாகச் சேர்த்தேன். சத்தம் கொஞ்சம் குறையும், அதை ஈடுகட்டி வால்யூம் வைக்க வேண்டும். சூடாகும், அதனால் வீட்டு அளவுக்கே கேளுங்கள். என் ஸ்பீக்கரில் பாடகியின் குரல் ஒரு அடி முன்னால் வந்தது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் மட்டும் வீங்கிப்போய்த் தொளதொளவென்று ஆனது. ஹார்மோனிக் பாதியை இந்தச் சோதனை காட்டாது. ஆனால் மீதிப் பாதி எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது ஒரே சாயங்காலத்தில் தெரிந்துபோனது.

நம்ம வீடு, நம்ம கரண்ட்

என் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு 85 டெசிபல் தரும் ரகம். 300பி ஒன்று கொடுப்பது சுமார் 8 வாட். கூட்டிப் பார்த்தால் ஒரு மீட்டரில் 94 டெசிபல், தள்ளி உட்கார்ந்தால் அதற்கும் கீழே. தனி ஆவர்த்தனத்தின் உச்சத்தில் ஆம்ப் திணறும். அதே சத்தத்துக்கு 95 டெசிபல் ஸ்பீக்கரில் 0.8 வாட் போதும். ஆக, முதல் கேள்வி ஆம்ப் பற்றியதே இல்லை, ஸ்பீக்கர் பற்றியது.

அடுத்தது கரண்ட். மலிவான இறக்குமதி ஆம்ப்கள் பலவும் 220 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரோடு வருகின்றன. என் வீட்டில் ராத்திரி 245 வோல்ட் காட்டுகிறது. அப்போது 6.3 வோல்ட் வாங்க வேண்டிய வால்வு ஹீட்டருக்கு 7 வோல்ட் போகும். வழக்கமாக அனுமதிக்கப்படும் 10 சதவீத எல்லையை அது தாண்டிவிடுகிறது, வால்வின் ஆயுசு குறையும். மாற்று வால்வும் மூலைக் கடையில் கிடைக்காது. ஒரு காலத்தில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வு செய்தது. இன்றைக்குப் பெரும்பாலும் சீனா, ரஷ்யா, ஸ்லோவாக்கியாவை நம்ப வேண்டும். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வால்வு விலை ஏறியதை மறக்க வேண்டாம்.

ஆனாலும்...

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை முழுசாகப் போகவில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. எங்கள் லைனில் போகும் பொருள் எதையும் நான் வீட்டில் திறந்து சரிசெய்ய முடியாது. வால்வு ஆம்பை முடியும். ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும், சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் போதும். கவனம் மட்டும் வேண்டும். உள்ளே 300, 400 வோல்ட் ஓடும், அணைத்த பிறகும் கெபாசிட்டரில் தங்கியிருக்கும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் கூண்டு இல்லாமல் வைக்கவே கூடாது.

இதுதான் வால்வுக்கு இருக்கும் நேர்மையான நியாயம் என்று நினைக்கிறேன். அது அசலைத் தருகிறது என்று வாங்கினால் ஏமாற்றம். அது தரும் ருசி பிடித்து, அதோடு கை வைத்து வேலை செய்யவும் ஆசை இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

நான் எடுத்த முடிவு: வாஷிங் மெஷின் வந்தாயிற்று. அடுத்த போனஸில் நல்ல சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கர். அதற்கும் பிறகு ஆசை மிச்சமிருந்தால், 240 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரோடு ஒரு கிட் வாங்கி நானே பற்றவைப்பேன். ரெசிஸ்டர் ரெண்டும் மேஜை டிராயரில் இருக்கின்றன. பக்கத்தில் குடியிருப்பவர்கள் யாராவது கேட்டால் கடன் தருகிறேன்.