தட்டையான கணிப்புக்கு நல்ல மதிப்பெண்

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று முப்பந்தல் காற்றாலைகளுக்கு நாளை எவ்வளவு மின்சாரம் தரும் என்பதை இன்றே சொல்லியாக வேண்டும். ஒரு நாளை 15 நிமிடங்கள் கொண்ட 96 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தர வேண்டும். அதை நம்பித்தான் அனல்மின் நிலையங்களின் உற்பத்தியைக் கூட்டுவதும் குறைப்பதும் நடக்கிறது.

வேலை எளிதல்ல. மின்திறன் காற்று வேகத்தின் மும்மடியை ஒட்டி மாறுகிறது. நொடிக்கு 8 மீட்டர் என்று கணித்து 7 மீட்டர்தான் வீசினால், வேகத்தில் பிழை எட்டில் ஒரு பங்கு. மின்சாரத்திலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாக நிலத்தைப் பார்க்கும் வானிலை மாதிரிக்குக் குறுகிய கணவாய் சரியாகத் தெரியாது. அந்தக் குறையைக் களத்து அளவீடுகளைக் கொண்டு திருத்துவது இத்துறையின் உண்மையான சாதனை. பருவக்காற்று வலுக்குமா தளருமா என்பதை ஒருநாள் முன்பே பெரும்பாலும் சொல்லிவிட முடிகிறது.

என் குறை, மதிப்பிடும் முறைமேல்தான். மாநிலங்களுக்கு இடையிலான மின்விற்பனைக்கு 2015இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதி, பிழையை அப்போது இயங்கக்கூடிய ஆலைகளின் மொத்தத் திறனோடு ஒப்பிட்டது. அதன்படி 15 விழுக்காடு வரை கூடுதல் அபராதம் இருக்கவில்லை. முழுதும் இயங்கக்கூடிய 100 மெகாவாட் நிலையம் ஒன்று 20 கணித்து 8 மட்டும் தந்தது என்று வைத்துக்கொள்வோம். பிழை 12 விழுக்காடு, தேர்ச்சி! வந்ததைப் போல இரண்டரை மடங்கு கணித்தது கணக்கிலேயே வராது.

இதைவிடப் பெரிய கேடு சராசரிப் பிழையை அளவுகோலாகக் கொள்வதால் வருகிறது. மாலையில் காற்று திடீரென எழும் என்று ஒருவர் துணிந்து சொல்கிறார். அது ஒரு மணி நேரம் பிந்தி எழுகிறது. சொன்ன நேரத்தில் வராததற்கு ஒரு பிழை, வந்த நேரத்தில் சொல்லாததற்கு இன்னொரு பிழை. ஏற்றத்தையே காணாமல் தட்டையாக ஒரு கோடு போட்டவருக்கு அதைவிடக் குறைந்த பிழையே விழலாம். இப்படி அளந்தால் கணிப்பவர்கள் துணிவை விட்டுவிடுவார்கள். மின்தொகுப்பை இயக்குபவருக்கோ அந்தத் திடீர் ஏற்றமும் இறக்கமும்தான் முதலில் தெரிய வேண்டும்.

பதிவிலும் ஒரு குறை உண்டு. தொகுப்பில் இடமில்லை என்று காற்றாலையை நிறுத்தச் சொன்ன மணி நேரங்களும் பதிவில் குறைந்த உற்பத்தியாகவே நிற்கின்றன. அவற்றைத் தனியே குறிக்காவிட்டால், அந்தப் பதிவிலிருந்து கற்கும் கணிப்பு மாதிரி தவறாகவே கற்கும்.

ஒழுங்குமுறை ஆணையங்கள் ஒற்றை எண்ணோடு, உற்பத்தி எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை போகலாம் என்ற வரம்பையும் கேட்க வேண்டும். திடீர் ஏற்ற இறக்கங்களைக் கணித்ததற்குத் தனி மதிப்பெண் தர வேண்டும். கணித்ததையும் கிடைத்ததையும் நாள்தோறும் அருகருகே வெளியிட வேண்டும்.