பெயர் சொல்லாத மனைவி: பாரதி முகர்ஜியின் அயர்லாந்துக் கரை

அயர்லாந்தின் தென்மேற்கில், டன்மானஸ் விரிகுடாவை ஒட்டி அகாகிஸ்டா என்றொரு சிற்றூர். 1985 ஜூன் 23 காலை, கனடாவிலிருந்து லண்டன் வழியாக இந்தியா வந்துகொண்டிருந்த ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானம் அயர்லாந்துக்கு அப்பாலுள்ள அட்லாண்டிக் கடலின் மேல் குண்டு வெடித்துச் சிதறியது. 329 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கிடைத்த உடல்கள் 131. மறு ஆண்டே அகாகிஸ்டா கரையில் ஒரு சூரியக் கடிகாரமும் இறந்தவர்களின் பெயர்களைத் தாங்கிய சுவரும் எழுந்துவிட்டன. இறந்தவர்களில் பெரும்பாலோர் கனடா நாட்டவர். ஆனால் டொராண்டோவில் நினைவுச் சின்னம் அமைய 2007 வரை ஆயிற்று. இறந்தவர்கள் யாருடைய மக்கள் என்பதில் கனடாவுக்கு இருந்த குழப்பம் அந்த மீனவக் கரைக்கு இருக்கவில்லை.

பாரதி முகர்ஜியின் ‘தி மேனேஜ்மெண்ட் ஆஃப் கிரீஃப்’ கதையை இந்தக் கரையிலிருந்து வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1988இல் வந்த ‘தி மிடில்மேன் அண்ட் அதர் ஸ்டோரீஸ்’ தொகுப்பில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, கணவர் கிளார்க் பிளேஸுடன் சேர்ந்து இதே விபத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருந்தார். விபத்து என்று சொல்லிவிட்டேன். விபத்தல்ல, படுகொலை. அரசுகள் அப்படிச் சொல்லிப் பழக்கியதில் நம் நாக்கும் அந்தச் சொல்லுக்கே போகிறது.

கதைசொல்லி ஷைலா பாவே கணவனையும் இரண்டு மகன்களையும் இழந்தவள். உடல்களை அடையாளம் காட்ட வந்த குடும்பங்களோடு அவளும் அயர்லாந்துக் கரையில் நிற்கிறாள். தோழி குசும் ஒரு பாறை மேல் குந்தியிருக்கிறாள். போனவர்களுக்கு இதைவிட அருகில் இனி போக முடியாது. ஷைலா மகனின் கால்குலேட்டரையும் இன்னொருவனின் பொம்மை விமானத்தையும் கணவனுக்கு எழுதிய கவிதையையும் கடலில் விடுகிறாள். புகைப்படங்களைக் காட்டிக் கேட்கிறபோது, இது என் பிள்ளை இல்லை என்கிறாள். அழுகைக் காட்சி என்று தனியாக ஏதுமில்லை. முகர்ஜி அதைத் தவிர்த்தது சரி.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொள்வது வேறொன்று. நல்ல குடும்பத்தில் வளர்ந்த பெண் என்பதால் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட ஷைலாவுக்குக் கூச்சம். நேசிக்கிறேன் என்று அவனிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ‘என்னங்க’ என்றும் பிள்ளையின் அப்பா என்றும் அழைத்தே காலம் தள்ளிய நம் பாட்டிகளும் அம்மாக்களும் இதைப் படித்தால் விளக்கம் கேட்க மாட்டார்கள். அடக்கம் என்று நமக்குக் கற்றுத் தரப்பட்டது, இழப்பு வந்த அன்று கடனாக மாறி நிற்கிறது. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் அந்தக் கவிதை. அகாகிஸ்டா சுவரில் மனைவிமாரின் பெயர்களும் கணவன்மாரின் பெயர்களும் ஒரே கல்லில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் உரக்கப் படிக்கலாம்.

கதை இந்தியாவுக்கு வரும்போது கூர்மை கூடுகிறது. மனைவியை இழந்த ஆண்களுக்குச் சுற்றத்தார் உடனே பெண் பார்க்கத் தொடங்குகிறார்கள். சிலர் மணமும் முடித்துக்கொள்கிறார்கள். மறுத்து நிற்கும் டாக்டர் ரங்கநாதன் விதிவிலக்கு. விதவைக்கு மாப்பிள்ளை பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஷைலாவுக்கு அதுவே ஒருவகை நிம்மதி என்பதையும் முகர்ஜி மறைக்கவில்லை. ஷைலாவின் பாட்டி பதினாறு வயதில் விதவையாகித் தலை மழித்தவள். மூன்று தலைமுறை தாண்டியும் அந்தச் சவரக் கத்தி வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது.

டொராண்டோவின் அரசு சமூகப் பணியாளர் ஜூடித் டெம்பிள்டன் கெட்டவள் இல்லை. அதுதான் சிக்கல். துக்கத்துக்குக் கட்டங்கள் உண்டு என்று பாடநூல் சொல்ல, யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று அவள் கணக்கு வைக்கிறாள். மாத்திரை தந்த அமைதியை ஷைலாவின் மனவலிமை என்று எடுத்துக்கொண்டு அவளை மற்றவர்களுக்கு முன்மாதிரியாக நிறுத்தப் பார்க்கிறாள். மகன்களை இழந்த சீக்கிய முதியவர்கள் உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்திட மறுக்கும்போது ஜூடித்துக்குத் தெரிவது பிடிவாதம். ஷைலாவுக்குத் தெரிவது நம்பிக்கை. காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுகிறாள். காரணம் சொல்வதில்லை. பெண்ணின் பொறுமையை அரசு இலவச உழைப்பாக வாங்கிக்கொள்வதற்கு இதைவிடச் சுருக்கமான மறுப்பை நான் படித்ததில்லை.

கதையில் எனக்கு இரண்டு குறைகள். அயர்லாந்துக்காரர்கள் எல்லோரும் அளவுக்கு மீறி நல்லவர்கள். கண்ணீரும் பூவுமாகவே வருகிறார்கள். அந்த மக்களின் பரிவு உண்மையானது, ஆண்டுதோறும் ஜூன் 23 அன்று குடும்பங்களோடு அவர்களும் கரையில் கூடுகிறார்கள். ஆனால் கதைக்குள் அவர்களுக்கு முகம் இல்லை.

மற்றது பெரியது. குசுமின் மூத்த மகள் பாம் விமானத்தில் ஏறாததால் உயிரோடு இருக்கிறாள். தங்கைக்குப் பதில் நான் செத்திருந்தால் அம்மாவுக்கு நிம்மதி என்று சொல்லிவிடுகிறாள். சொல்பேச்சு கேட்காத பெண் என்று ஏற்கெனவே பெயர் வாங்கியவள். அம்மா ஆசிரமத்துக்குப் போய்விட, அவள் மேற்குக் கரை நகரத்தில் ஒப்பனைப் பொருள் விற்கப் போகிறாள். சில வரிகளோடு கதை அவளைக் கைவிட்டுவிடுகிறது. இறந்தவர்களின் குரல்கள் ஷைலாவுக்கு வழிசொல்கின்றன. பாமுக்கு உயிரோடிருக்கும் தாயின் குரல்கூட இல்லை. மாணவிகளோடு இந்தக் கதையை வாசிக்கும்போதெல்லாம் அவர்கள் ஷைலாவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பாம் பிறகு என்ன ஆனாள் என்றுதான் கேட்கிறார்கள்.