ஆறு சமயங்களும் ஒரு வகுப்பறையும்

இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுச் சட்டம் சமயக் கல்வியைக் கட்டாயமாக்கியபோது, வகுப்பில் நடந்தது பெரும்பாலும் விவிலியப் பாடம்தான். பிறகு பஞ்சாபிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. 1975இல் பர்மிங்காம் நகரம் தன் பாடத்திட்டத்தில் பிற சமயங்களோடு, கடவுளை ஏற்காத மனிதநேயவாதத்தையும் பொதுவுடைமையையும்கூடச் சேர்த்துப் பெரும் சர்ச்சைக்கு உள்ளானது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் கிறித்தவத்துக்கு முதலிடம் தந்தாலும், நாட்டிலுள்ள பிற முக்கியச் சமயங்களையும் கற்பிக்கச் சொன்னது. ஆரம்பப் பள்ளியை முடிப்பதற்குள் கிறித்தவம், இஸ்லாம், யூதம், இந்து, சீக்கியம், பௌத்தம் ஆகியவற்றில் பலவற்றைப் பிள்ளைகள் இன்று ஓரளவு தெரிந்துகொள்கிறார்கள்.

இதன் பெரிய பலம், எதையும் நம்பு என்று பள்ளி கேட்பதில்லை என்பது. (சமய அமைப்புகள் நடத்தும் பள்ளிகள் வேறு கதை.) இலங்கையில் நிலைமை வேறு. அங்கே சமய பாட வேளை வந்தால் வகுப்பு பிரிகிறது; சைவப் பிள்ளை சைவநெறி படிக்கும், பக்கத்து இருக்கைத் தோழி இஸ்லாம் படிப்பாள். சாதாரண தரப் பொதுத் தேர்வு வரை இப்படியே போகிறது. தன் சமயத்தை ஆழமாக அறியும் பிள்ளைக்கு, தோழி ஏன் நோன்பிருக்கிறாள் என்று பள்ளி சொல்லித் தருவதில்லை. இங்கிலாந்தின் முறை அந்தச் சுவரை எழுப்பவில்லை. சின்ன வயதில் இத்தனை சமயங்களைச் சொன்னால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. எந்த நண்பன் வீட்டில் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை என்று ஆறு வயதுப் பிள்ளைக்கே தெரியும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்து சமயம் என்றால் தீபாவளி, தீபாவளி என்றால் ராமர் அயோத்தி திரும்பிய கதை, பிறகு களிமண்ணில் ஓர் அகல் விளக்கு: பல பள்ளிகளில் பாடம் இவ்வளவுதான். ஹைகேட்டிலோ ஈஸ்ட்ஹாமிலோ முருகன் கோயிலுக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் சொன்னது நரகாசுரன் கதை. யாழ்ப்பாணத்து வீடாக இருந்தால் தைப்பொங்கலும் தேர்த்திருவிழாவுமே பெரிதாக இருக்கலாம். இந்த நிலையில் ஆசிரியர் அந்தப் பிள்ளையைப் பார்த்து, “உங்கள் வீட்டில் இப்படித்தானே?” என்று கேட்டால் அது என்ன சொல்லும்? தலையாட்டும். ஏழு வயதில் ஒரு சமயம் முழுவதற்கும் சாட்சி சொல்லும் பாரம் அதன் தலையில் விழுகிறது. இந்த முறையின் மிகப் பெரிய அநீதி இதுதான் என்பேன்.

இதற்கு மாற்று இங்கிலாந்திலேயே பிறந்திருக்கிறது. வார்விக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஜாக்சனும் எலினார் நெஸ்பிட்டும் பிரிட்டனில் வளரும் இந்துப் பிள்ளைகளின் வாழ்க்கையை நேரில் ஆராய்ந்து, 1993இல் நூலாக வெளியிட்டார்கள். ஜாக்சன் வகுத்த முறையில் கோட்பாடுகளின் பட்டியல் முதலில் வராது. குறிப்பிட்ட ஒரு குடும்பத்துப் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்து, அதன் சமூகத்துக்கும் பின்னர் பரந்த மரபுக்கும் போக வேண்டும். அப்போது ஒரே சமயத்துக்குள் இருக்கும் வேறுபாடுகள் தாமாகவே வெளிப்படும். பத்து வயதில், ஒரு சமயத்தவரே தங்களுக்குள் முரண்படுவதையும், சாதி போன்ற கசப்பான உண்மைகளையும் பேசலாம். எல்லாச் சமயமும் அன்பையே போதிக்கிறது என்று முடித்துவிடும் பாடம் பிள்ளையின் அறிவை மதிக்கவில்லை. ஆனால் இப்படிக் கற்பிக்க ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். எல்லாப் பாடங்களையும் ஒருவரே நடத்தும் ஆரம்பப் பள்ளியில் அது எளிதில் கிடைப்பதில்லை.

பெற்றோர் பக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சமய பாடத்திலிருந்து பிள்ளையை முழுவதுமாகவோ ஒரு பகுதிக்கு மட்டுமோ விலக்கிக்கொள்ளும் உரிமை இங்கிலாந்துப் பெற்றோருக்கு இன்றும் உண்டு. பிரார்த்தனையும் போதனையும் பாடமாக இருந்த காலத்தில் அது நியாயமான பாதுகாப்பு. இன்றோ, இஸ்லாம் பாடத்துக்கு மட்டும் பிள்ளையை அனுப்ப மறுக்கும் பெற்றோருக்கும் அதுவே வழிவிடுகிறது. வேல்ஸ் 2022இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் அந்த உரிமையை நீக்கியது. கூடவே, பாடம் ஒரு சமயத்தின் பக்கம் சாயாமல் பன்மைத் தன்மையோடு இருக்க வேண்டும் என்றும் விதித்தது. இங்கிலாந்தும் இந்த இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். சாயாத பாடத்துக்கு உறுதி தராமல் உரிமையை மட்டும் பறித்தால், அஞ்சும் பெற்றோரின் அச்சம் நியாயமாகிவிடும்.